டென்னிஸ் பந்தோடு மல்லுக்கட்டும் அப்பாவுக்கு: ஜக்லிங் பந்தைத் தேர்ந்தெடுப்பதும் பார்த்துக்கொள்வதும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு 11 வயது. லீவில் வீடியோ பார்த்து மூன்று டென்னிஸ் பந்துகளை வைத்து ஜக்லிங், அதாவது பந்துகளை மாற்றி மாற்றி மேலே எறிந்து பிடிக்கும் ஆட்டம், பழக ஆரம்பித்தாள், கூடவே நீங்களும் சேர்ந்துகொண்டீர்கள். மூன்று வாரமாகியும் இரண்டு பேருக்கும் நாலைந்து பிடிக்கு மேல் போகவில்லை. பந்துகள் கட்டிலுக்கு அடியிலும் ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலும் ஓடி ஒளிகின்றன. ஆன்லைனில் தேடினால் சில நூறு ரூபாய்க்கு ஒரு செட், சில ஆயிரத்துக்கு இன்னொரு செட், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. எதை வாங்குவது, எப்படிப் பராமரிப்பது, பின்னால் ஐந்து பந்துக்குப் போனால் மறுபடி செலவா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, "தப்பு எங்க கையிலயா, பந்துலயா?" என்று, உண்மையில் நீங்கள் கேட்க வந்தது அதுதான் என்று நினைக்கிறேன். பதில்: பாதிக்கு மேல் கையில்தான். ஆனால் பந்திலும் இருக்கிறது. பந்தின் பங்கைச் சரிசெய்யப் பெரிய செலவும் ஆகாது.

என்னைப் பற்றி இரண்டு வரி சொன்னால்தான் எதை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்குத் தெரியும். தலச்சேரிக்காரர் ஒருவரிடம் கற்றுக்கொண்டேன். சர்க்கஸில் வாழ்நாள் முழுக்க இருந்து ஓய்வு பெற்றவர், நாங்கள் மாஸ்டர் என்று கூப்பிடுவோம். அதன் பிறகு 15 வருடமாகப் பள்ளிக்கூட கோடை முகாம்களில் குழந்தைகளுக்கும், அவர்களைக் கூட்டிவரும் அப்பா அம்மாக்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு ஐந்து பந்து நன்றாக வரும். ஏழு பந்து ஏதோ நல்ல நாளில் ஒரு சுற்று வரும், அவ்வளவுதான். ஆகவே மூன்று முதல் ஐந்து பந்து வரை சொல்வது என் கை கண்டது. அதற்கு மேலே சொல்வது மற்றவர்களைப் பார்த்தும் கணக்குப் போட்டும் தெரிந்துகொண்டது.

டென்னிஸ் பந்தில் என்ன குறை? அளவில் ஒரு குறையும் இல்லை. விதிப்படி அதன் விட்டம் 6.54 முதல் 6.86 சென்டிமீட்டர் வரை, பெரியவர்கள் கைக்கு இது கச்சிதம். எடைதான் இடிக்கிறது. 56 முதல் 59.4 கிராம். ஜக்லிங் பழகும் பெரியவர்களுக்கு இதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டும். இவ்வளவு லேசான பந்து உள்ளங்கையில் வந்து விழுந்ததே சரியாகத் தெரியாது. விரல் மூடுவதற்குள் எகிறிவிடும். எகிறுவதற்காகவே செய்த பந்து, அதைக் குற்றம் சொல்ல முடியாது. அதோடு தரையில் விழுந்தால் மூன்று முறை குதித்து, உருண்டு, வீட்டில் கை நுழையாத இடமாகப் பார்த்துப் போய் நிற்கும். கிரிக்கெட் பந்தை எடுத்துவிடாதீர்கள். 155.9 முதல் 163 கிராம் எடை, அதுகூடப் பரவாயில்லை, ஆனால் கல்லு மாதிரி இருக்கும். கால் விரலில் ஒரு தடவை விழுந்தால் அன்றைக்கு வகுப்பு முடிந்தது.

புதிதாகப் பழகுகிறவரின் பந்து எங்கே அதிக நேரம் இருக்கிறது என்று பாருங்கள். காற்றில் இல்லை, கையிலும் இல்லை. தரையில். முகாமில் முதல் நாள் ஒரு மணி நேரம் பழகினால் அதில் பாதி குனிந்து பொறுக்குவதிலேயே போய்விடும். பந்து ஓடினால் பின்னாலேயே ஓட வேண்டும், திரும்பி வரும்போது மூச்சு வாங்கும், முந்தின எறிதலில் என்ன தவறு செய்தோம் என்பது மறந்திருக்கும். அதனால் முதல் பந்துக்கு நான் பார்க்கும் முதல் குணம் பறப்பதல்ல, விழுவது. விழுந்த இடத்திலேயே 'பொத்'தென்று உட்கார வேண்டும். துணியிலோ செயற்கைத் தோலிலோ தைத்து, உள்ளே தானியமோ பிளாஸ்டிக் குருணையோ அடைத்த பந்துகள் அப்படித்தான் உட்காரும். கடைகளில் 'பீன்பேக்' பந்து என்பார்கள், ஆனால் அந்தப் பேரைத் தனியாகப் போட்டுத் தேடினால் உட்காரும் மூட்டை சோபாவைக் காட்டும், 'ஜக்லிங்' என்பதையும் சேர்த்துத் தேடுங்கள். இந்த வகைதான் உங்களுக்கு வேண்டியது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விலை கூடிய செட்டுக்கும் குறைந்ததற்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் தையலிலும் மேல் துணியிலும்தான். மூன்று பந்து பழகும் கைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அளவும் எடையும்: உங்களுக்கு விட்டம் 6.5 முதல் 7 சென்டிமீட்டர், எடை 110 முதல் 130 கிராம். மகளுக்கு 6 சென்டிமீட்டர் அளவில், 80 முதல் 100 கிராமுக்குள். இது சட்டம் இல்லை. கையை வைத்துச் சோதிக்க ஒரு வழி உண்டு. மூன்று பந்து தொடங்கும்போது ஒரு கையில் இரண்டு பந்து இருக்கும். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் விரல் நுனியிலிருந்து விட முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது பந்து வழுக்கினாலோ, அதைக் காப்பாற்ற மணிக்கட்டை மடக்கினாலோ பந்து பெரிது. இருவருக்கும் ஒரே செட் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் மகளின் கைக்குப் பார்த்து வாங்குங்கள். சின்னப் பந்தைப் பெரிய கை சமாளிக்கும், பெரிய பந்தைச் சின்னக் கை சமாளிக்காது. ஐந்தாறு வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் அதற்குப் பந்தே வேண்டாம், மெல்லிய நைலான் ஸ்கார்ஃப் மூன்று போதும். மிதந்து மெதுவாக இறங்கும், குழந்தைக்கு யோசிக்க நேரம் கிடைக்கும்.

எடையை விட முக்கியம் மூன்றும் ஒரே எடையாக இருப்பது. ஒரு முகாமுக்காக மொத்தமாக வாங்கிய பந்துகளில் சில குழந்தைகள் மட்டும் ஒரே பக்கமாகத் தவறவிட்டுக்கொண்டே இருந்தார்கள். கையைத் திருத்தித் திருத்திப் பார்த்தேன், சரியாகவில்லை. சந்தேகப்பட்டுச் சமையலறைத் தராசில் வைத்தால் ஒரே செட்டில் ஒன்று 92 கிராம், இன்னொன்று 97, மூன்றாவது 118. குழந்தைகளைத் திட்டியதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். எறியும் கை ஒவ்வொரு முறையும் ஒரே விசையைத்தான் பழகுகிறது, பந்துக்குப் பந்து எடை மாறினால் உயரமும் மாறும். ஐந்து கிராம் வரை வித்தியாசம் இருந்தால் ஆரம்பத்தில் தெரியாது. இருபது கிராம் இருந்தால் பந்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். நிறம் மட்டும் மூன்றும் வேறு வேறாக இருக்கட்டும். எந்தப் பந்து எங்கே போகிறது என்று பார்க்கவும், "சிவப்பை முன்னாடி தள்ளிப் போடுற" என்று சொல்லிக்கொடுக்கவும் வசதி.

இப்போது சந்தேகத்துக்குரிய விஷயங்கள். கனமான பந்தில் பழகினால் சீக்கிரம் வரும் என்று சில வீடியோக்களில் சொல்கிறார்கள். கொஞ்சம் கனம் இருந்தால் கைக்குப் பந்து தெரிகிறது என்பது வரை ஒத்துக்கொள்கிறேன். அதைத் தாண்டி 200 கிராம், 250 கிராம் பந்தில் பழகுவதால் கற்றல் வேகமாகும் என்பதை என் முகாம்களில் நான் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் முழங்கை வலிதான். விலை கூடிய பந்து வாங்கினால் சீக்கிரம் வருமா என்பதும் இதே ரகம். நல்ல பந்து இடைஞ்சலைக் குறைக்கும், பழகும் நேரத்தைக் கூட்டும். இரண்டு நாளில் வர வேண்டியதை ஒரு நாளில் வரவைக்காது. துணி சொரசொரப்பாக இருக்க வேண்டுமா, வழவழப்பாகவா என்பது முழுக்க முழுக்க அவரவர் வியர்வையைப் பொறுத்தது. எனக்குக் கை வியர்க்கும், அதனால் வழவழப்பான செயற்கைத் தோலை விட ஸ்வேட் (suede, மெல்லிய ரோமம் போன்ற சொரசொரப்பான தோல்) மாதிரி மேற்பரப்பு பிடிக்கும். என் மனைவிக்கு அது மணலைத் தொடுவதுபோல் இருக்கிறதாம்.

வாங்கவே வேண்டாம், வீட்டில் தைத்துக்கொள்கிறோம் என்றால் இன்னும் நல்லது. பந்தை மாற்றி மாற்றி எறிந்து பிடிப்பது நம் வீடுகளுக்குப் புதிதும் அல்ல. அம்மானை என்பது பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டே காய்களைத் தூக்கி எறிந்து பிடித்த ஆட்டம்தான். சிலப்பதிகாரத்தில் அம்மானை வரி இருக்கிறது, திருவாசகத்தில் திருவம்மானை இருக்கிறது, பெண்பாற் பிள்ளைத்தமிழில் ஒரு பருவமே அம்மானைக்கு. எகிப்தில் பெனி ஹசன் கல்லறைச் சுவர் ஓவியங்களில், ஏறக்குறைய 4000 வருடத்துக்கு முந்தியவை, பந்தாடுகிறவர்கள் பெண்கள். பசிபிக்கில் டோங்கா தீவுச் சிறுமிகள் காய்களையும் எலுமிச்சையையும் வைத்து ஆடுகிறார்கள். உங்கள் மகள் பழைய வரிசையில்தான் நிற்கிறாள் என்று அவளிடம் சொல்லுங்கள்.

சரி, தையல். எளிய வடிவம் ஆறு சதுரம். தையலுக்கு விளிம்பில் அரை சென்டிமீட்டர் விட்டு, உள்ளளவு 5 சென்டிமீட்டர் வருகிற ஆறு துண்டுகளைப் பகடை மாதிரி இணைத்தால் 125 கன சென்டிமீட்டர் கிடைக்கும். தானியம் அடைத்ததும் பக்கங்கள் உப்பி, உருண்டைக்குப் பக்கத்தில் வந்துவிடும். மூன்று வாரத்துக் கைக்கு இதுவே போதும். நல்ல உருண்டைதான் வேண்டும் என்றால் ஆரஞ்சுச் சுளைத் தோல் மாதிரி, இரண்டு முனையும் கூராக இருக்கும் நான்கு துண்டுகள். 6.7 சென்டிமீட்டர் விட்டமுள்ள பந்தின் சுற்றளவு 21 சென்டிமீட்டர். ஒவ்வொரு துண்டின் நீளம் அதில் பாதி, 10.5. நடு அகலம் கால்பாகம், ஏறக்குறைய 5.25. துணி கொஞ்சம் இழுபடும் என்பதால் முடிந்த பந்து கணக்கை விடச் சற்றுப் பெரிதாகவே வரும். டெனிம் அல்லது கெட்டியான கேன்வாஸ் துணி எடுங்கள், பழைய ஜீன்ஸ் பேன்ட்டின் கால் பகுதி போதும். உள்பக்கம் வெளியே இருக்க, பின்தையல் (ஒவ்வொரு குத்துக்கும் ஊசியைக் கொஞ்சம் பின்னால் கொண்டுவந்து போடும் தையல்) போட்டு, ஒரு ஓரத்தில் மூன்று சென்டிமீட்டர் விட்டுவிடுங்கள். திருப்பிப் போட்டு, புனல் வைத்துத் தானியம் நிரப்பி, அந்த வாயை வெளியிலிருந்து, நூல் தெரியாதபடி போடும் மறைதையலால் மூட வேண்டும். செருப்புத் தைக்கிறவர் வைத்திருக்கிற நைலான் நூல் இதற்கு ரொம்ப ஏற்றது. பலூனுக்குள் அரிசி அடைக்கும் முறையையும் வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். அழகாக இருக்கும், பத்து நிமிட வேலை. ஆனால் நம்மூர் வெயிலில் ரப்பர் சீக்கிரம் பிசுபிசுத்து வெடித்துவிடும், ஒரு மாதம் தாண்டினால் ஆச்சரியம்.

உள்ளே என்ன போடுவது? எனக்குப் பிடித்தது கேழ்வரகு. மணி சின்னதாக, உருண்டையாக இருப்பதால் கையில் பிடித்ததும் வழிந்து உள்ளங்கையின் வடிவத்துக்கு வந்துவிடும். 6.7 சென்டிமீட்டர் பந்தின் கொள்ளளவு 157 கன சென்டிமீட்டர், அதில் பத்தில் ஒன்பது பங்கு நிரப்பினால் 110 கிராமை ஒட்டி வரும். தினை, சாமையும் சரி. அரிசி பரவாயில்லை, ஆனால் நுனி உடைந்து மாவாகி, நாளடைவில் தையல் வழியே வெள்ளையாகத் தூவும். மணல் வேண்டவே வேண்டாம். அதே அளவுப் பந்து கால் கிலோவை நெருங்கிவிடும், நுண்தூள் எந்தத் தையலிலிருந்தும் கசியும். எந்தத் தானியமானாலும் ஒரு முழு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, ஆறிய பிறகு நிரப்புங்கள். ஈரப்பதம் இருந்தால் வண்டும் அந்தும் வந்துவிடும். நிரப்பும் முன் ஃப்ரீசரில் நாலைந்து நாள் வைத்தால் உள்ளே இருக்கும் முட்டைகளும் சாகும். மூன்று பந்துக்கும் கண் அளவு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள். தானியத்தில் ஒரே ஒரு பெரிய சிக்கல் உண்டு. ஒரு மழைக்காலத்தில் என் பன்னிரண்டு பந்துகளைத் துணிப்பையில் போட்டு அலமாரிக்கு அடியில் வைத்துவிட்டு ஊருக்குப் போனேன். திரும்பி வந்தால் பையிலிருந்து சமையலறை வரை கேழ்வரகுக் கோடு. எலிக்கு ஜக்லிங் தெரியாது, கேழ்வரகு தெரியும். அன்றிலிருந்து மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாதான். எலித்தொல்லை உள்ள வீடென்றால் பிளாஸ்டிக் குருணை அடைத்த பந்தே நிம்மதி.

மூன்று பந்து வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தொடர்ந்து ஐம்பது பிடி வருகிறது, பேசிக்கொண்டே போட முடிகிறது. இப்போது பந்து விழுவது குறைந்துவிட்டது. அதனால் பந்திடம் நாம் எதிர்பார்ப்பதும் மாறும். தரைக்கு ஏற்ற பந்து போய், உள்ளங்கைக்கு ஏற்ற பந்து வேண்டியிருக்கும். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. தகவல் கோட்பாட்டை உருவாக்கிய கிளாட் ஷானன் ஒரு ஜக்லிங் பைத்தியம், பந்து போடும் இயந்திரம்கூடக் கட்டியவர். அவர் தந்த சூத்திரத்தின் சாரம் இதுதான்: ஒரு பந்து காற்றிலும் கையிலும் செலவிடும் மொத்த நேரத்தைக் கைகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவதும், ஒரு கை பந்தோடும் வெறுமையாகவும் இருக்கும் மொத்த நேரத்தைப் பந்துகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவதும் சமம். கை ஒரு பந்தை 0.35 வினாடி வைத்திருக்கிறது, 0.15 வினாடி வெறுமையாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு போட்டுப் பார்த்தேன். மூன்று பந்துக்கு 20 சென்டிமீட்டர் உயரம் எறிந்தால் போதும். ஐந்துக்கு ஒரு மீட்டர். ஏழுக்கு 2.4 மீட்டர். இரண்டிரண்டு பந்துதான் கூடுகிறது, உயரமோ எங்கேயோ போய்விடுகிறது. புதியவர்கள் தாராளமாக எறிவார்கள் என்பதால் நிஜத்தில் இந்த உயரங்கள் கூடத்தான் இருக்கும், ஆனால் போக்கு இதுதான்.

உயரம் கூடினால் இறங்கும் வேகமும் கூடும். அதே கணக்கில் மூன்று பந்து ஆட்டத்தில் பந்து வினாடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் வேகத்தில் கையில் இறங்குகிறது, ஐந்தில் 4.4, ஏழில் 6.9. அந்தக் கடைசி வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர், மெதுவாகப் போகிற ஸ்கூட்டர் வேகம். ஆகவே நான்கு ஐந்து பந்துக்குப் போகும்போது 130 கிராம் பந்தைப் பிடித்துத் தொங்கக் கூடாது, 100 முதல் 120 கிராம் போதும். அளவையும் கொஞ்சம் குறைக்கலாம், ஏனென்றால் ஐந்து பந்து தொடங்கும்போது ஒரு கையில் மூன்று இருக்கும். 6.2 முதல் 6.7 சென்டிமீட்டர் நன்றாக இருக்கும். உப்பலாக இல்லாமல், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உருண்டையாக, எட்டு அல்லது அதற்கு மேல் துண்டுகள் வைத்துத் தைத்ததாகப் பாருங்கள். சதுரத் துண்டுப் பந்தில் எந்த மூலை கையில் படுகிறது என்பதைப் பொறுத்து விடுபடும் கோணம் மாறும். மூன்று பந்தில் அது தெரியாது, ஐந்தில் இரண்டு பந்து நடுவானில் மோதும்போது தெரியும்.

இதில் ஒரு வாங்கும் யோசனை. கடைப் பந்து வாங்குவதாக முடிவு செய்தால், இப்போது மூன்று பந்து மட்டும் போடுகிறீர்கள் என்றாலும் ஒரே நேரத்தில் ஐந்து, முடிந்தால் ஆறு வாங்கிவிடுங்கள். புதுப் பந்து விறைப்பாக இருக்கும், பழகப் பழகத் தளர்ந்து கைக்கு வரும். ஒரு வருடம் கழித்து அதே கடையில் அதே பந்து இரண்டு வாங்கிச் சேர்த்தால், பழையது குழைந்தும் புதியது விறைத்தும் இருக்கும், ஐந்தும் ஒரு குடும்பமாகச் சேரவே சேராது. ஆறையும் சுற்றுமுறையில் பயன்படுத்தி ஒன்றாகவே முதுமையாக்குங்கள். ஆறு இருந்தால் இன்னொரு வசதி, அப்பாவும் மகளும் ஆளுக்கு மூன்று வைத்துக்கொள்ளலாம். பந்துக்காகச் சண்டை வராது.

ஏழுக்கும் மேலே போகிறவர்கள் தேடுவது இன்னும் சின்ன, வேண்டுமென்றே குறைவாக நிரப்பிய, தொளதொள பந்து. கையில் விழுந்தால் சப்பையாகிவிடும், எகிறி வெளியே போகாது. நான்கைந்து பந்துகளை ஒரே கையில் அடுக்கவும் முடியும். காற்றில் மோதிக்கொண்டாலும் ரொம்பத் தூரம் விலகாது. உங்களுக்கு இப்போது இது வேண்டாம். புதியவர் கையில் தொளதொள பந்து விரலிலிருந்து சுத்தமாக விடுபடாமல் இழுபடும். இன்னொரு வகை 'ரஷ்யன் பந்து': மெல்லிய கெட்டி பிளாஸ்டிக் ஓட்டுக்குள் கொஞ்சம் உப்போ மணலோ போட்டு அடைத்தது. எடை அடியில் தங்குவதால் அதிகம் உருளாது, காற்றில் தேவையில்லாமல் சுழலாது, சோப்புத் தண்ணீரில் கழுவலாம். ஐந்து பந்து பழகும்போது நானே இதற்கு மாறினேன், இன்றும் என் பையில் பெரும்பாலும் இதுதான். குழந்தைகள் விளையாடும் லேசான வண்ணப் பிளாஸ்டிக் பந்தில் துளை போட்டு வீட்டிலேயே செய்கிறார்கள். அப்படிச் செய்தால் துளையைப் பசையால் கெட்டியாக அடைக்க வேண்டும், ஐப்பசி மழையில் நம் சமையலறை உப்பு ஜாடியிலேயே நீர் விட்டுக்கொள்கிறது, பந்துக்குள் மட்டும் சும்மா இருக்குமா?

மேடைக்குப் போகிறவர்கள் கதை வேறு. அங்கே பார்க்கிறவர் கண்ணுக்குப் பந்து, ஆடுகிறவர் கைக்கு அல்ல. கடைசி வரிசைக்குத் தெரிய 7 சென்டிமீட்டருக்கு மேல், உள்ளே காலியான, வழவழப்பான பந்து, இருட்டுத் திரைக்கு எதிராக வெள்ளை அல்லது மஞ்சள். உருண்டு ஓடும், அதனால் தவறவிடாதவர்களுக்கு மட்டும். மொட்டை மாடியில் சாயங்காலம் பழகுவதென்றால் நீலமும் சாம்பலும் வேண்டாம், வானத்தில் கரைந்துவிடும். தரையில் அடித்து எழுப்பி ஆடும் சிலிகான் பந்துகளும் உண்டு, அதற்கு வழவழப்பான கல் தரையும், கீழ்வீட்டுக்காரர் பொறுமையும் வேண்டும். கையிலும் தோளிலும் உருட்டும் கண்ணாடி மாதிரி அக்ரிலிக் பந்து வாங்க மகள் ஆசைப்பட்டால் ஒரு எச்சரிக்கை: அதை ஜன்னலோரம் வைக்கவே கூடாது. பூதக்கண்ணாடி போலவே அது வெயிலைக் குவிக்கும், திரைச்சீலையும் மெத்தையும் தீப்பிடிக்கும். பயன்படுத்தாதபோது துணிப்பையில் போட்டு மூடி வையுங்கள். ஸ்பிரிட் போட்டும் துடைக்க வேண்டாம், மேலே மயிரிழை வெடிப்பு விழும்.

பராமரிப்பில் எல்லாப் பந்துக்கும் பொதுவான எதிரிகள் வியர்வையும் வெயிலும் சிமெண்டுத் தரையும்தான். தானியப் பந்தைத் தண்ணீரில் முக்கவே கூடாது. ஒரு தடவை வீட்டில் அம்மா நல்லெண்ணத்தில் வாஷிங் மெஷினில் போட்டு, மூன்றாம் நாள் பந்திலிருந்து புளித்த மாவு வாடை வந்தது. பிரித்துப் பார்த்தால் கேழ்வரகு முளைவிட்டிருந்தது. முளைகட்டிய கேழ்வரகு உடம்புக்கு நல்லதுதான், பந்துக்கு அல்ல. ஆட்டம் முடிந்ததும் ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து மேலாகத் துடைத்து, நிழலில் காற்றாட வைத்தால் போதும். மாதம் ஒரு முறை ஒரு மணி நேரம் வெயில் காட்டலாம். ஸ்வேட் பந்தைப் பழைய பல் துலக்கும் பிரஷால் உலர்வாகத் தேய்த்தால் அழுக்கு உதிர்ந்து பிடிப்பு திரும்பும். குருணை அடைத்த துணிப் பந்தைக் கையால் இதமாக அலசலாம், ஆனால் முழுக்கக் காய இரண்டு நாள் கொடுக்க வேண்டும். மென்மையான பிளாஸ்டிக் பந்துகளைக் காரில் விடாதீர்கள், அச்சிட்ட தாளிலோ சாயம் போகும் பையிலோ சுற்றி வைக்காதீர்கள். அந்தச் சாயம் பந்துக்குள் ஊறிவிடும், தேய்த்தாலும் போகாது. சிலிகானில் சின்னக் கீறல் விழுந்தாலும் கிழிசல் அங்கிருந்து ஓடும், அதனால் சரளைக்கல் தரையில் ஆட வேண்டாம்.

தையல் ஒரு இடத்தில் விட்டால் அன்றைக்கே ஊசி எடுங்கள். ஒரு கண்ணி விட்ட பந்து இரண்டு நாள் ஆடினால் நாலு கண்ணி விடும், அப்புறம் ஆட்டத்தின் நடுவில் தலையில் தானிய அட்சதை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லாப் பந்தையும் தராசில் வைத்துப் பாருங்கள். மாவு கசிந்து எடை குறைந்ததைப் பிரித்து நிரப்பலாம். மற்றபடி, வாரத்தில் மூன்று நாலு நாள் ஆடும் வீட்டில் நன்றாகத் தைத்த பந்து எனக்கு மூன்று வருடத்துக்கு மேல் உழைத்திருக்கிறது. சிமெண்டு மாடியில் தினமும் விழுந்த பந்துகள் ஒரு வருடத்தில் துணி தேய்ந்து போயின.

கையின் பங்கு என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அதற்கு இரண்டு வரி. கட்டிலை ஒட்டி, அதைப் பார்த்து நின்று பழகுங்கள். விழுந்த பந்து மெத்தையில் இருக்கும், குனிய வேண்டாம், ஓட வேண்டாம். பந்தை முன்னால் தள்ளி எறிந்து அதைத் துரத்திக்கொண்டே நடக்கும் பழக்கத்தையும் கட்டில் தடுத்துவிடும். மூன்று வாரத்தில் நாலு பிடி என்றால் நீங்கள் மூன்றாவது பந்தை அவசரப்பட்டு, இரண்டாவது பந்து உச்சிக்குப் போகும் முன்னேயே விடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். நேரில் பார்க்காமல் இதற்கு மேல் சொல்ல முடியாது. மேலே ஃபேன் ஓடினால் நிறுத்திவிடுங்கள்.

அந்த டென்னிஸ் பந்துகளைத் தூக்கிப் போட வேண்டாம். ஜீன்ஸ் துணியில் பந்து தைத்து முடியும் வரை அவற்றையே அடக்கலாம். பிளேடால் (நீங்கள், மகள் அல்ல) இரண்டு சென்டிமீட்டர் கீறி, பந்தை அமுக்கினால் வாய் திறக்கும். புனல் வழியாக 35 கிராம் அரிசி ஒவ்வொன்றிலும் போட்டு, சைக்கிள் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை விளிம்பில் தடவி ஒட்டிவிடுங்கள். 93 கிராமுக்குப் பக்கத்தில் வரும், மகளுக்குச் சரியான எடை. குதிப்பது நின்றுவிடும். கொஞ்சம் உருளத்தான் செய்யும், ஆனால் ஃப்ரிட்ஜ் வரைக்கும் போகாது.